தோல் முத்தறதுக்கு முன்னாடி

பாத்து ஏறுங்க தம்பி, கடைசிப் படி மட்டும் கொஞ்சம் உசரம். இதான் மொட்டை மாடி. துணி காயப்போட அந்தப் பக்கம் முழுக்க உங்களுக்கு. இந்தப் பக்கம் சாக்குப் பைங்க வரிசையா இருக்குதில்ல, இது என்னோடது. உருளைக்கிழங்கு. ஆமா, சாக்குலதான். ஓசூர்க் குளிருக்கு நல்லா வரும். இப்பதான் முளை விட்டிருக்குது, இன்னும் ரெண்டு மூணு தடவ மண் அணைக்கணும்.

வீடு பிடிச்சிருக்குதா? கீழ தரகர் எல்லாம் சொல்லியிருப்பாரே. சொல்லலையா? அப்ப முனையில மளிகைக் கடைக்காரன் சொல்லியிருப்பான். நாகரத்தினம்மா வீடு எதுன்னு நீங்க கேட்டதும், மண்வெட்டி அம்மா வீடான்னு கேட்டிருப்பானே. கேட்டான்ல? பாத்தீங்களா. அவன் அப்படித்தான்.

மத்தவங்க வாயால கேக்கறதுக்கு நானே சொல்லிடறேன். புதுசாக் கல்யாணம் ஆனவரு நீங்க, அடுத்த மாசம் வீட்டம்மாவக் கூட்டிக்கினு வரப்போறேன்னு சொல்றீங்க. குடி வர்றதுக்கு முன்ன தெரிஞ்சிக்கறது நல்லது. இந்தத் தண்ணித் தொட்டி நிழல்ல உக்காருங்க.

நான் ஒருத்தனை மண்வெட்டியால அடிச்சேன். இதே மாடியில. அது உண்மை, அதை நான் எங்கயும் மறைக்கல. அவனுக்குக் கை போச்சு. கை இருக்குது, விரல் மடங்காதாம். கால்லயும் கோளாறு. அடிச்சதுல சண்டை இல்ல தம்பி, ஏன் அடிச்சேங்கறதுலதான் சண்டை. ஊர் ஒண்ணு சொல்லுது, நான் ஒண்ணு சொல்றேன். நான் கிழங்குக்காக அடிச்சேன். அவ்வளவுதான்.

அடி வாங்கினவனும் அவன் பொண்டாட்டியும் இப்ப நீங்க பாக்க வந்த போர்ஷன்லதான் இருந்தாங்க. போன ஐப்பசியில குடி வந்தாங்க. மன்னார்குடிப் பக்கம். பையன் பேரு புகழேந்தி, இங்க ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. பொண்ணு பேரு மங்கையர்க்கரசி, மங்கைன்னு கூப்பிடுவான். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் இருக்கும். குழந்த இல்ல.

நான் உள்ளதைச் சொல்லணும். அந்தப் பையன் மாதிரி மரியாதை நான் பாத்ததில்ல. வாயத் தொறந்தா அம்மாம்பான். அவங்க வந்த வாரம்தான் எனக்கு மண்ணும் எருவும் தேங்காநாரும் வண்டியில வந்து வாசல்ல கெடந்துது. ஆள் வெச்சு மேல ஏத்தணும்னு நின்னுக்கினு இருந்தேன். வேலை முடிஞ்சு வந்தவன், சட்டையக் கழட்டிட்டு, அத்தனை மூட்டையும் முதுகுல போட்டு ஏத்திட்டான். ஒரு வாய் காப்பி குடிப்பான்னு பாத்தா, வேணாம்மான்னுட்டுப் போயிட்டான். எத்தனை பேரு குடி இருந்துட்டுப் போயிருக்காங்க இந்த வீட்ல, எவனாவது ஒரு குடம் தண்ணி தூக்கிக் குடுத்திருப்பானா?

அவன் அந்தப் பொண்ணை அடிப்பான். அது எனக்குத் தெரியும். விதைக்கிழங்கு ஊனின வாரமே தெரியும். முதல்ல பீரோவ நகத்தறாங்கன்னு நெனச்சேன். ஒரு இடிச் சத்தம், அப்புறம் இழுக்கற சத்தம், அப்புறம் ஒரு இடிச் சத்தம். பீரோவ எத்தனை தடவ நகத்துவாங்க? அப்புறம் புரிஞ்சிது. அவன் குரலே கேக்காது. கத்தவே மாட்டான். அவ குரலும் கேக்காது. தலைய எது மேலயோ மோதற சத்தம் மட்டும் கேக்கும், அது என் சமையல்கட்டுக்கு நேர் மேல. சில நாள் தட்டுங்க அதிரும்.

நான் டிவி சத்தத்தைக் கூட வெச்சிடுவேன். குடும்ப விஷயத்துல தலையிடற ஆள் இல்ல நானு. எங்க அம்மா அப்படி வளக்கல. படுக்கும்போதும் தொந்தரவு இல்ல, ஏன்னா எனக்கு எடது காது கேக்காது. வலது காதைத் தலகாணியில அழுத்திக்கினு படுத்தா ஒண்ணுமே கேக்காது. நிம்மதியா இருக்கும்.

காதா? எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ அறைஞ்சாரு, அதுல போச்சு. தப்பா நெனைக்காதீங்க, ரொம்ப நல்ல மனுஷன். இந்த வீடு அவர் கட்டினதுதான். சோத்துல முடி கெடந்துது, பசியில வந்தவரு, கை நீட்டிட்டாரு. காதுல ரத்தம் வந்ததும் அவரேதான் வண்டியில உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனாரு. அடிச்சிட்டு அப்படியே போட்டுட்டுப் போறவன் எத்தனை பேரு. அவர் கூட்டிக்கினு போனாரு, வழியில எளநி கூட வாங்கிக் குடுத்தாரு. செத்து எட்டு வருஷமாகுது. அது வேற கதை.

மங்கையச் சொல்றேன். அந்தப் பொண்ணு இந்த மாடிக்குத்தான் வரும். வேற எங்கயும் போகாது. போக முடியாது. நீங்க ஏறி வந்தீங்களே, படிக்குக் கீழ ஒரு கம்பிக் கதவு, அதைப் பூட்டிக்கினுதான் அவன் வேலைக்குப் போவான். வீடு, மாடி, இதான் அவளுக்கு. ஊர் புதுசு, காலம் கெட்டுக் கெடக்குது, அதான்மா பூட்டறேன்னு என்கிட்டச் சொன்னான். எனக்குச் செடிக்குத் தண்ணி ஊத்த மேல வரணுமே, அதனால சாவி ஒண்ணு என்கிட்டயும் குடுத்தான். வந்துட்டு மறக்காமப் பூட்டிடுங்கம்மான்னு சொல்லுவான். நான் ஒரு நாள் கூட மறந்ததில்ல. அந்த விஷயத்துல நான் ரொம்பக் கறார்.

அவளுக்கு உடம்புல எங்கயாவது ஒண்ணு இருந்துக்கினே இருக்கும். கண்ணுக்குக் கீழ கருப்பா. கேட்டா, கதவு இடிச்சிருச்சும்மாம்பா. முழங்கைக்கு மேல வட்டமா ஒரு சூடு. குக்கர் மூடிம்பா. ஒரு தடவ உதடு கிழிஞ்சி தொங்கிக்கினு இருந்துது, அதுக்குக் காரணம் யோசிக்கவே இல்ல, சும்மா நின்னா. நானும் கேக்கல. கேட்டா அவளுக்குச் சங்கடம். பழைய கிழங்கு ஒண்ணு எடுத்து, வில்லையா வெட்டி, வீக்கத்து மேல வெச்சுத் துணியால கட்டி விடுவேன். குளிர்ச்சியா இருக்கும். நான் பண்ணாததுன்னு ஒண்ணும் இல்ல தம்பி.

அவகிட்ட போன் இல்ல. இருந்ததை அவன் அம்மிக் குழவியால போட்டு ஒடச்சிட்டான். எப்பப் பாத்தாலும் அவங்க அண்ணன்கிட்டப் பேச்சு, அதான்மா வேணாம்னுட்டேன்னு சொன்னான். எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. வீட்டு விஷயத்தைப் பொறந்த வீட்ல சொல்லிக்கினே இருந்தா எந்த ஆம்பளைக்குக் கோபம் வராது?

அப்படிப்பட்ட பொண்ணுக்கு என் கிழங்கு மேல ஒரு பிரியம் வந்துது. அதைத்தான் என்னால இன்னும் தாங்க முடியல. நான் மேல வந்தா ஓடி வந்து நிப்பா. "எப்பம்மா எடுப்பீங்க?" இதே கேள்வி. செடி ஒரு சாண் இருக்கும்போதே கேட்டா. நான் சொன்னேன், இப்பதான் பாதிப் பைக்கு மண்ணு போட்டிருக்கேன், தண்டு வளர வளர மண் அணைச்சுக்கினே போகணும், மடிச்சு விட்ட சாக்கைப் பிரிச்சுக்கினே வரணும், அப்பதான் தண்டுல மேல மேல கிழங்கு வெக்கும்னு. நல்லாக் கேட்டுக்குவா. அப்புறம், "பூ வந்தா எடுத்துடுவீங்களாம்மா?"ன்னு கேட்டா. பூ வந்தா இல்லடி, பூ கொட்டி, எல மஞ்சளாகி, தண்டு தானா சாயணும். சாஞ்சதும் தண்ணிய நிறுத்திடணும். அதோட முடிஞ்சிதா, இல்ல. செடி காஞ்ச பின்னாலயும் மண்ணுக்குள்ளயே ஒரு ரெண்டு வாரம் விட்டு வெக்கணும். அப்பதான் தோல் முத்தும். கட்டைவிரலால தேச்சா தோல் உரியக்கூடாது. உரிஞ்சா அது சமைக்கலாம், வெச்சுக்க முடியாது, அழுகிடும்.

"அப்ப தை கடைசி ஆகுமாம்மா?"

"ஆகும். மாசி பொறந்தும் போகலாம்."

"அது வரைக்கும் பைய யாரும் தொட மாட்டீங்கல்ல?"

"நான் ஏன்டி தொடறேன்?"

எவ்வளவு அக்கறை பாருங்கன்னு நெனச்சேன். என் பொண்ணு பெங்களூர்ல இருக்கா, ஒரு தடவ கூட இந்தப் பைங்களத் திரும்பிப் பாத்ததில்ல. அவளுக்கு நான் சொல்லக்கூட செஞ்சேன், மேல் வீட்டுப் பொண்ணு எப்படி ஆசையா விசாரிக்கறா தெரியுமான்னு.

பொங்கல் முடிஞ்சுது. பூவெல்லாம் கொட்டிடுச்சு. எல லேசா மஞ்சள் கண்டுது. அப்ப பாத்தா, இதோ, இந்தத் தொட்டிய ஒட்டின மூலையில ஒரு பை இருந்துது, அந்தச் செடி மட்டும் வாடுது. மஞ்சளாகறது வேற, வாடறது வேற. பக்கத்துல போயிப் பாத்தேன். மண்ணை எவனோ கிளறியிருக்கான். பெருச்சாளின்னு நெனச்சேன். கிழங்கு ஒண்ணு வெளிய தெரிஞ்சுது, வெயில் பட்டு ஒரு பக்கம் பச்சை. பச்சையானாக் கசக்கும், விஷம், சாப்பிடக் கூடாது. மண்ணைப் போட்டு மூடினேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் கிளறியிருக்குது. பெருச்சாளியா இருந்தா கிழங்கைக் கடிச்சிருக்கும். கடிக்கல. அன்னிக்கு மங்கை என்கிட்டப் பேசிக்கினு நின்னா, அவ நகத்தைப் பாத்தேன். நகத்துக்குள்ள பூரா மண்ணு.

எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. இவ்வளவு சொல்லியும், பொறுக்க முடியாம நோண்டிப் பாக்கறாளே. அவகிட்ட நேராச் சொன்னா அழுதுடுவா. சரி, அவன்கிட்டச் சொல்லுவோம், பக்குவமா எடுத்துச் சொல்லுவான்னு, ஞாயித்துக்கிழமை காலையில கறி வாங்கிக்கினு வந்தவனை வாசல்ல நிறுத்தினேன்.

"தம்பி, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டம்மா என் பைய நோண்டறாங்க."

"நோண்டறாளா? எதுக்கும்மா?"

"கிழங்கு வந்திடுச்சான்னு பாக்கறாங்க போல. வேர் அறுந்துடுது. கொஞ்சம் பக்குவமாச் சொல்லுங்க."

"எந்தப் பைம்மா?"

"தொட்டிய ஒட்டினாப்ல, மூலையில இருக்குதே, அது."

"நான் பாத்துக்கறேன்மா"ன்னு சிரிச்சிட்டு மேல போனான். கறிப் பைய ஆட்டிக்கினே போனான். எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. எவ்வளவு பொறுமையா கேட்டுக்கினான் பாருங்க. அப்படிப்பட்டவன் அடுத்த ஒரு மணி நேரத்துல இப்படி மாறுவான்னு யாருக்குத் தெரியும்?

நான் அரிசி களைஞ்சுக்கினு இருந்தேன். மேல ஒரு சத்தம். சாக்கு கிழியற சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா, பல்லு கூசும். ஒண்ணு. கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. அப்புறம் மண்ணு சரியற சத்தம். அடிக்கற சத்தமாயிருந்தா நான் டிவியப் போட்டிருப்பேன். இது என் சாக்கு. கை ஈரத்தோட சாவிய எடுத்துக்கினு ஓடினேன். கம்பிக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்துது. கம்பிக்குள்ள கைய விட்டுத் தொறந்து மேல வந்தேன்.

தம்பி, அந்த மாடிய நீங்க பாத்திருக்கணும். பை ஒண்ணு விடாம வயித்தைக் கிழிச்சுப் போட்டிருக்கான். மண்ணு முழங்கால் ஒசரத்துக்கு இங்கயும் அங்கயும். செடி வேரோட மல்லாந்து கெடக்குது. கிழங்கு வெள்ள வெளேர்னு, எலுமிச்சம்பழம் அளவுக்கு, சிலது முட்டை அளவுக்கு, தண்ணி போற ஓட்டை வரைக்கும் உருண்டு கெடக்குது. வெயில் நேரா அதுங்க மேல அடிக்குது. இன்னும் ரெண்டே ரெண்டு வாரம். ரெண்டு வாரம் விட்டிருந்தா தோல் முத்தியிருக்கும்.

அவளா? அவளும் கெடந்தா. சொல்றேன்.

மூலைப் பையில ஒரு போன் இருந்திருக்குது. சின்னப் பட்டன் போன், பாலிதீன் கவர்ல நாலு சுத்து சுத்தி, கிழங்குக்கு நடுவுல பொதச்சு வெச்சிருக்கா. கீரை விக்க வருவாளே ஒரு அம்மா, மாடியில இருந்து கயித்துல கூடைய எறக்கிக் கீரை வாங்குவா மங்கை, அந்தக் கூடையில போட்டு அந்தக் கீரைக்காரி குடுத்திருக்கா. அவளுக்கு எதுக்கு இந்த வேலை சொல்லுங்க. அவன் ஷிப்டுக்குப் போன பின்னாடி எடுத்து அவங்க அண்ணன்கிட்டப் பேசறது, பேசிட்டுப் பொதச்சிடறது. நான் கிழங்கு எடுக்கறதுக்குள்ள அண்ணன் வந்து கூட்டிக்கினு போறதா ஏற்பாடாம். கிழங்கு எடுத்தாப் பை காலியாயிடும், போனை வெக்க எடமிருக்காது. அதுக்குத்தான் எப்பம்மா எடுப்பீங்க, எப்பம்மா எடுப்பீங்கன்னு. நான் என்னமோ கிழங்கு மேல ஆசைன்னு நெனச்சு, வாய் வலிக்க வலிக்கப் பாடம் மாதிரி சொல்லிக்கினு இருந்தேன்.

போன் கெடச்சதும் மத்த பையெல்லாம் எதுக்குக் கிழிக்கணும்? வேற எதுல என்ன ஒளிச்சு வெச்சிருக்கான்னு பாக்கறானாம். மீன் வெட்டற கத்தி. ஒவ்வொரு பையா அவளை முடியப் பிடிச்சு இழுத்துக்கினே போயி, அவளை நிக்க வெச்சுக் கிழிச்சிருக்கான். அவ கையில, தோள்ல எல்லாம் கத்தி பட்டிருந்துது, தடுக்கப் போயிருப்பா.

நான் வந்தப்ப அவளை மல்லாத்திப் போட்டு நெஞ்சு மேல முட்டிய வெச்சிருந்தான். எடது கையால தாடைய அமுக்கி வாயத் தொறந்து, வலது கையால என் மண்ணை அள்ளி அள்ளித் திணிக்கறான். "பேசு. இப்பப் பேசுடி உங்கண்ணன்கிட்ட"ன்னு மெதுவாத்தான் சொல்றான், கொழந்தைக்குச் சோறு ஊட்டறவன் மாதிரி. அவ மூக்குலயும் மண்ணு. கண்ணு வெள்ளையா மேல போயிடுச்சு. கால் மட்டும் உதறுது. குதிகால் தரையில டொக்கு டொக்குன்னு அடிக்குது. அப்படி அடிக்கும்போது ஒரு கிழங்கு அவ குதிகால்ல மாட்டி நசுங்குச்சு தம்பி. தோல் பிதுங்கி, உள்ள இருந்த வெள்ளை வெளிய வந்துது. அதைப் பாத்தேன் நான்.

"என்னடா பண்ற"ன்னேன்.

திரும்பிப் பாத்தான். மூஞ்சியில கோபமே இல்ல. "அம்மா, நீங்க கீழ போங்க. பை நான் வேற வாங்கித் தர்றேன்."

பை வாங்கித் தருவானாம்.

மண்வெட்டி தொட்டிக்குப் பின்னால சாத்தியிருந்துது. எடுத்தேன். முதல் அடி பின்பக்கத்தாலதான் போட்டேன், தோள்ல. எலும்பு நொறுங்கற சத்தம் மண்வெட்டிக் காம்பு வழியா என் கைக்கு வந்துது. அவன் எழுந்தான். "நீங்களாம்மா"ன்னான், ஏதோ நான் அவன் தட்டுல இருந்து சோத்தை எடுத்துட்ட மாதிரி. கீழ கெடந்த கத்திய எடுத்தான். என் கொண்டையப் பிடிச்சு இந்தத் தொட்டியில மோதினான், இதோ இந்த முனையில. இங்க பாருங்க, முடிய ஒதுக்கிக் காட்டறேன், தழும்பு. ரத்தம் கண்ணுல வழிஞ்சு ஒண்ணும் தெரியல. தெரியாமத்தான் ரெண்டாவது அடி போட்டேன். அது முனைப் பக்கம். மணிக்கட்டுக்கு மேல விழுந்துது. கத்தி போயிடுச்சு. கை ஒரு பக்கமாத் தொங்குச்சு, உள்ள எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சுது. அப்பதான் அவன் கத்தினான். அவன் குரல் அவ்வளவு பெருசுன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

அவன் உக்காந்துட்டான். உக்காந்தவனை மறுபடி அடிச்சேன், முட்டியில. அது எதுக்குன்னு ஸ்டேஷன்ல எஸ்.ஐ. அம்மா கேட்டாங்க. ஆயுதம் இல்லாதவன், கீழ உக்காந்துட்டான், எதுக்கும்மா அடிச்சீங்கன்னு. அவன் காலுக்கடியில கிழங்கு மாட்டிக்கினு இருந்துது மேடம்னேன். அவங்க எழுதறதை நிறுத்திட்டு என்னையே பாத்துக்கினு இருந்தாங்க.

அப்புறம் மங்கை வாயில விரலை விட்டுத் தோண்டினேன். மூச்சு வரல, வேற என்ன பண்றது. மண்ணு கட்டி கட்டியா வந்துது, அதோட ஒரு பல்லும் வந்துது. என் விரலைக் கடிச்சா. கடிச்சதும் எனக்குத் தெம்பு வந்துது, உசுரு இருக்குதுன்னு. ஒருக்களிச்சுப் போட்டு முதுகுல தட்டினேன். கருப்பா வாந்தி எடுத்தா. எடுத்துட்டு என் காலைக் கட்டிப் பிடிச்சிக்கினா, விடவே இல்ல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவ என் காலைப் பிடிச்சுக்கினு இருந்தா, நான் கைக்கு எட்டின கிழங்கை எல்லாம் முந்தானையில பொறுக்கிக்கினு இருந்தேன். எதிர் மாடியில இருந்து எல்லாரும் பாத்தாங்க. அவங்களைக் கேளுங்க. பொண்ணுக்காக அடிச்சவ கிழங்கு பொறுக்குவாளா?

ஒண்ணை எடுத்துக் கட்டைவிரலால தேச்சுப் பாத்தேன். தோல் அப்படியே வழண்டு வந்துடுச்சு, தீப்பட்ட தோல் மாதிரி.

அவன் மேல கேஸு. என் மேலயும் கேஸு. நான் ஜாமீன்ல இருக்கேன். பயப்படாதீங்க, அதனால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது.

ஆஸ்பத்திரியில இருந்து அவ வந்தப்ப அவங்க அண்ணன் கூட வந்திருந்தான், சாமான் எடுக்க. அவன் கீழ வண்டியில ஏத்திக்கினு இருந்தான். இவ என் சமையல்கட்டுல வந்து நின்னா. கழுத்துல கட்டு, வாய் ஒரு பக்கமா ஒட்டிப் போயிருந்துது. எனக்குக் கோபம் அடங்கல.

"ஏன்டி, ஊர்ல வேற எடமே கெடைக்கலையா? என் கிழங்குப் பைதான் கெடச்சுதா? ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?"

"அவன்கிட்ட நல்லவிதமா எடுத்துச் சொல்லியிருப்பேன்."

"அதான்மா"ன்னா.

கால்ல விழுந்து கும்புட்டுட்டுப் போயிட்டா. அதான்மான்னா என்ன அர்த்தம்? நானும் இவ்வளவு நாளா யோசிக்கறேன். நீங்க படிச்சவரு, உங்களுக்கு ஏதாவது தோணுதா? சரி, விடுங்க.

இப்ப வக்கீல் தொல்லை. ஒரு சின்னப் பொண்ணுதான் எனக்கு வக்கீல். நல்ல பொண்ணு, ஆனா பொய் சொல்லச் சொல்லுது. "அம்மா, ஒரு உசுரக் காப்பாத்த அடிச்சேன்னு சொல்லுங்க, சட்டத்துல அதுக்கு எடமிருக்குது, வீட்டுக்கு வந்துடலாம். கிழங்குக்காக அடிச்சேன்னா உள்ளதான் போவீங்க"ங்குது. நான் முடியாதுன்னுட்டேன். அது தலையில கை வெச்சு உக்காந்துடுச்சு.

ஏன்னு சொல்றேன், நீங்களே ஞாயம் சொல்லுங்க. பொண்ணுக்காக அடிச்சேன்னு கூண்டுல ஏறிச் சொல்றேன்னு வெச்சிக்குங்க. அவன் பக்கத்து வக்கீல் சும்மா இருப்பானா? எழுந்து கேப்பான். ஏம்மா, ஐப்பசியில இருந்து அடிச்சானே, அப்பெல்லாம் என்ன பண்ணீங்க? உங்க தலைக்கு மேலதானே சத்தம், கேக்கலையா? கதவுச் சாவி யார்கிட்ட இருந்துதுன்னு கேப்பான். அதுக்கெல்லாம் நான் எங்க போயி பதில் தேடறது? கிழங்குன்னா அந்த மாதிரிக் கேள்வியே வராது. கிழங்கை அவன் அன்னிக்குத்தான் தொட்டான், அன்னிக்குத்தான் நான் அடிச்சேன். ஒழுங்கா இருக்குதில்ல?

போன வாரம் மங்கை போன் பண்ணா. இப்பப் பேச்சு கொஞ்சம் கொழறுது, பல்லு போனதால. அவங்க அண்ணன் வீட்ல இருக்காளாம், தையல் கத்துக்கறாளாம்.

"அம்மா, நீங்க என்னைக் காப்பாத்தத்தான் அடிச்சீங்கன்னு நான் கோர்ட்ல சொல்லப் போறேன்."

"பொய் சொல்லாதடி. நான் கிழங்குக்காக அடிச்சேன்."

அவ சிரிக்கல. "எனக்கு ஒண்ணு தெரியணும்மா. அடிக்கும்போது நீங்க ஒரு பேரைச் சொல்லிக் கத்தினீங்க. ஒவ்வொரு அடிக்கும் சொன்னீங்க. 'விடுடா அவளை, திம்மராயா, விடுடா'ன்னு. இவர் பேர் புகழேந்திதானே? யாரும்மா திம்மராயன்?"

நான் போனை வெச்சிட்டேன்.

அது எங்க வீட்டுக்காரர் பேரு தம்பி. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினேன், ஒரு நாள் அவர் பேரை நான் வாயால சொன்னதில்ல. ரேஷன் கார்டு எழுத வந்தப்பக் கூட பக்கத்து வீட்டுக்காரியத்தான் சொல்லச் சொன்னேன். அவர் செத்தப்ப, எல்லாரும் பேர் சொல்லி அழுதாங்க, நான் அப்பவும் சொல்லல. அப்படிப்பட்டவ, எவனோ ஒருத்தனை அடிக்கும்போது, போயி அந்தப் பேரையா சொல்லுவேன், அதுவும் வாடா போடான்னு?

வாய் நிறைய மண்ணோட கெடந்தவ அவ. அவளுக்கு என்ன கேட்டிருக்கும்.